டிராயிங் நோட்டை மூடி வைத்த பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பள்ளி ஓவியப் போட்டிகளைப் பற்றி எழுதியபோது, பரிசு கிடைக்காததால் வரைவதை விட்ட பிள்ளைகளைவிட, யாரோ சிரித்ததால் விட்டுவிட்ட பிள்ளைகளையே என் வகுப்புகளில் மிகுதியாகக் கண்டேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், கட்டுரையின் மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து வந்தவற்றைவிட அதிகம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004ஆம் ஆண்டுக்கு முன்பும் பின்பும், 34 ஆண்டுகள் இந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், நம் ஊர்களிலிருந்து வந்த ஐந்து கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை நீக்கும் தன் பாட்டியைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் வரைந்தான். உறவினர் வீட்டுக் காதுகுத்து விழாவில் அந்தப் படத்தைப் பார்த்த என் அண்ணன், "முகத்தைவிடக் கை பெரிதாக இருக்கிறதே, இது பாட்டியா, பூதமா?" என்று கேட்டு, படத்தைக் கைப்பேசியில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அன்றிரவு அந்த நோட்டின் பக்கங்களைக் கிழித்துப் போட்டான். இப்போது டிராயிங் பீரியட் உள்ள நாளில் வயிற்றுவலி என்கிறான். "மாமன் கேலியையே தாங்க மாட்டான் என்றால் நாளை ஊரை எப்படித் தாங்குவான்?" என்கிறார் அண்ணன். நான் அன்று பேசாமல் இருந்தது தவறா? அவனை மறுபடியும் வரைய வைப்பது எப்படி? – ஒரு தாய், பாலக்கோடு.

பதில்: அவனும் சிரித்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். தன்னைப் பார்த்துப் பத்துப் பேர் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால், "கோபம் வந்துவிட்டதா?" என்று இரண்டாவது முறை சிரிப்பார்கள் என்பது 11 வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எனவே அவனும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பக்கங்களைக் கிழித்தான். அன்று அவன் மனம் என்ன சொன்னது என்பதை அவனுடைய சிரிப்பில் தேடக் கூடாது. கிழிந்த பக்கங்களில் பார்க்க வேண்டும்.

அவனுடைய வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற அறிஞர், குழந்தைகளின் ஓவியம் எந்தெந்தப் பருவங்களைக் கடந்து வளர்கிறது என்பதை 1947இல் விரிவாக எழுதினார். ஏழெட்டு வயதுவரை பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. தாளின் மேல் விளிம்பில் ஒரு நீலப் பட்டை வானம், கீழ் விளிம்பில் ஒரு கோடு தரை. வீட்டுக்குள் இருப்பவர்கள் சுவரை ஊடுருவித் தெரிவார்கள். யார் முக்கியமோ அவர் பெரியவர். அப்போது யார் என்ன சொன்னாலும் பிள்ளை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. 9 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் கண் விழித்துக்கொள்கிறது. வரைந்ததையும் கண்ணால் கண்டதையும் பிள்ளை ஒப்பிடத் தொடங்குகிறது. கண் முன்னால் ஓடிவிடுகிறது, கை பின்தங்கி நிற்கிறது. தன் படம் சரியாக வரவில்லை என்று யாரும் சொல்லாமலேயே அந்தப் பிள்ளைக்குத் தோன்றும் காலம் அது. ஆகவே உங்கள் அண்ணன் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை; பிள்ளை தனக்குள் ரகசியமாக அஞ்சிக்கொண்டிருந்ததை ஊர் முன்னிலையில் உறுதிப்படுத்திவிட்டார். பெரும்பாலான மனிதர்களின் ஓவியம் இந்த வயதோடு நின்றுபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

இனி அந்தப் பெரிய கைகளைப் பற்றி. படத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். புளியில் கொட்டை நீக்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணில் நிறைவது கைகள்தான். முகம் குனிந்திருக்கும், உடல் அசையாது. கைகள் மட்டும் ஓயாது. ஒரு மாலை முழுவதும் பாட்டியைப் பார்த்த பிள்ளை, தான் எதைப் பார்த்தானோ அதைப் பெரிதாக வரைந்திருக்கிறான். ஒரு விடுமுறை நாளில் அவனைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த மாவட்டத்து நிலங்களிலிருந்தும் ஏரிக்கரைகளிலிருந்தும் கொண்டுவந்து வைத்திருக்கும் நடுகற்களை அங்கே காணலாம். கல்லில் வீரன் ஓங்கி நிற்பான். அவன் காலடியில் ஆடுமாடுகள் சிற்றுருவமாக இருக்கும். அந்தக் கல்லைச் செதுக்கியவருக்கு ஒரு மாட்டின் உண்மையான அளவு தெரியாமல் இல்லை. மாடுகளோடு வாழ்ந்த ஊர்க்காரர்தான். யாருடைய நினைவுக்காகக் கல் நடப்பட்டதோ அவரைப் பெரிதாக்கினார். உங்கள் மகனும் அதையே செய்தான் என்று அந்தக் கற்களுக்கு முன்னால் நின்று அவனிடம் சொல்லுங்கள். வீட்டில் சொன்னால் ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைப்பான்.

ஆனால் அதோடு நிறுத்திவிடவும் கூடாது. 11 வயதுப் பிள்ளைக்குப் படம் உள்ளது உள்ளபடி வர வேண்டும் என்ற ஆசை உண்டு. அந்த ஆசை நியாயமானது. "நீ வரைந்ததே சரி" என்று மட்டும் சொன்னால் அவன் நம்ப மாட்டான். அதனால் ஒரு அளவையும் சொல்லிக்கொடுங்கள். அவனுடைய உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்து விரல்களை மேல்நோக்கி நீட்டச் சொல்லுங்கள். நடுவிரலின் நுனி முடி தொடங்கும் இடத்துக்கு அருகே போகும். மனிதனின் கை ஏறக்குறைய அவனுடைய முகத்தின் நீளம். இது தெரிந்துவிட்டால், அடுத்த முறை கையைப் பெரிதாக வரைவதும் அளவாக வரைவதும் அவன் விருப்பமாகிவிடும்.

உங்கள் அண்ணன் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். மாமன் மருமகனைக் கேலி செய்வது நம் உறவுமுறை கொடுத்திருக்கும் உரிமை. அதை நான் மதிக்கிறேன். மீசை அரும்புவதைக் கேலி செய்யலாம், சாப்பாட்டு அளவைக் கேலி செய்யலாம். அவற்றில் மருமகனும் திருப்பிக் கொடுப்பான், அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் உறவு இனிக்கிறது. ஒரு மாலை முழுவதும் மூச்சடக்கி வரைந்த படத்துக்கு அவன் என்ன திருப்பிக் கொடுக்க முடியும்? அவனுடைய படம் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றது. அதோடு, விழாவில் எழுந்த சிரிப்பு அன்றைக்கே அடங்கியிருக்கும்; குழுவில் போட்ட படம் அங்கேயே கிடக்கிறது, அவன் எப்போது திறந்து பார்த்தாலும் அந்தச் சிரிப்பு முகங்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் வேலையாக அதை நீக்கச் சொல்லுங்கள். பிறகு அண்ணன் அவனிடம் நேரில் வந்து, "நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது" என்று சொல்லட்டும். "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்ற சொற்களைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றைச் சேர்த்தால் தவறு மறுபடியும் பிள்ளையின் தலையில் போய் விழும். அன்று நீங்கள் பேசாமல் இருந்தது சபை நாகரிகம் கருதி என்பது எனக்குப் புரிகிறது. மகனிடம் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

மறுபடியும் வரைய வைப்பதற்கு அவசரப்படாதீர்கள். "வரை" என்ற சொல்லே சில வாரங்களுக்கு வேண்டாம். நீங்கள் வாசலில் கோலம் போடுபவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மார்கழிக்கோ பொங்கலுக்கோ புதிதாக ஒரு புள்ளிக் கோலம் வேண்டும், 15 புள்ளியில் ஒன்று அமைத்துக் கொடு என்று அவனிடம் கேளுங்கள். கோலத்தில் "இது பாட்டி மாதிரி இருக்கிறதா" என்ற கேள்விக்கே இடமில்லை; கோடு சேர்ந்தால் சேர்ந்தது, சேராவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் போடலாம். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியின் வரைபடத்தைக் கேட்கலாம், பம்ப்செட் எப்படி நீர் இறைக்கிறது என்று கோடு போட்டு விளக்கச் சொல்லலாம். யாரைப் போலவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத கோடுகளிலிருந்து கை திரும்பி வரும். பாட்டியை அவன் மறுபடியும் வரைவது அவனுடைய விருப்பம், கேட்காதீர்கள்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். வாரத்தில் கிடைப்பது ஒரு பீரியட். தவறைத் தவறு என்று சொல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள்? சொன்னால் சில பிள்ளைகள் முகம் வாடிப் போகிறது. கேலிக்கும் திருத்தத்துக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது? – ஓர் ஆசிரியர், பர்கூர்.

பதில்: என்னுடைய வாழ்க்கையிலிருந்தே சொல்கிறேன். 1971இல் நான் ஏழாம் வகுப்பு. ஒரு குதிரையை வரைந்தேன். நான்கு கால்களும் நான்கு குச்சிகள். ஆசிரியர் ஒருவர் நோட்டை வகுப்பு முழுவதும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, "இது குதிரையா, கயிற்றுக் கட்டிலா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பள்ளியில் எனக்குக் கட்டில் என்றே பெயர். இரண்டு ஆண்டுகள் நான் எதையும் வரையவில்லை. ஒன்பதாம் வகுப்பில், கடைகளுக்குப் போர்டு எழுதும் ஓர் ஆர்ட்டிஸ்ட் வேலை செய்வதை வேடிக்கை பார்க்கப் போவேன். அவர் நூல் அடித்துக் கட்டம் போட்டு, சின்னப் படத்தைப் பெரிய தகரத்துக்கு ஏற்றுவதைப் பார்ப்பதற்கே நேரம் போதாது. பழைய நோட்டை ஒரு நாள் அவரிடம் தயங்கித் தயங்கிக் காட்டினேன். குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முன்னங்கால் முட்டி முன்பக்கமாகத்தான் மடங்கும். பின்னங்காலில் மடிப்பு பின்பக்கம் துருத்திக்கொண்டு இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜட்கா நிற்கும், போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். அன்று மாலை இருட்டும்வரை ஜட்கா குதிரைகளின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருவரும் சொன்னது ஒரே தவறைத்தான். குதிரையின் கால் சரியில்லை என்பதில் ஆசிரியருக்கும் அந்த ஆர்ட்டிஸ்டுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. சொல்லப்போனால் ஆர்ட்டிஸ்ட் கூடுதலாகவே குறை கண்டார். ஆனால் அவருடைய சொல்லைக் கேட்டுவிட்டு எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. முதல் சொல்லைக் கேட்டபின் நோட்டை ஒளித்து வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நீங்கள் கேட்ட கோடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இனிமையாகச் சொன்னால் திருத்தம், கடுமையாகச் சொன்னால் கேலி என்பதில்லை. அந்த ஆர்ட்டிஸ்ட் இனிமையாகப் பேசும் மனிதரே இல்லை. சொன்ன சொல் பிள்ளையின் கைக்கு அடுத்த வேலையைக் கொடுத்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

வகுப்பறைக்கு வருவோம். ஒரு தாளில் ஒரு குறையை மட்டும் சொல்லுங்கள். நம் கண்ணுக்கு ஏழு தவறுகள் தெரியும். ஏழையும் சொன்னால் பிள்ளைக்கு எட்டாவதாக ஒன்று கேட்கும், "உனக்கு வராது" என்று. எந்த ஒன்றைச் சரிசெய்தால் படம் அதிகம் மாறுமோ அதை எடுங்கள். முகம் வரைகிறவர்கள் பெரும்பாலும் கண்களை நெற்றிக்கு அருகே ஏற்றி வைத்துவிடுவார்கள். கண் தலையின் உயரத்தில் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது என்ற ஒரே செய்தி ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே பீரியடில் நிமிர்த்திவிடும். அதைப் பொதுவாகக் கரும்பலகையில் சொல்லிவிட்டால் 40 பேரில் யாரையும் சுட்ட வேண்டியதில்லை.

அதற்கு முன்னால், "இதில் நீ எதைக் காட்ட நினைத்தாய்?" என்று கேட்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாலக்கோட்டுத் தாயின் கடிதத்தை நீங்களும் படித்திருப்பீர்கள்; அந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அந்த நோட்டு கிழிந்திருக்காது. இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்: பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படக் கூடாது. தாளின் ஓரத்திலோ வேறு காகிதத்திலோ வரைந்து காட்டுங்கள். ஆசிரியரின் உறுதியான கோடு பிள்ளையின் நடுங்கும் கோட்டுக்கு மேல் ஏறிவிட்டால், அந்தப் படத்தை அது வீட்டில் காட்டும்போதுகூட "இது சார் போட்டது" என்றுதான் சொல்லும். பணியின் முதல் சில ஆண்டுகளில் நானே இந்தத் தவறைப் பல முறை செய்திருக்கிறேன். ஒரு சிறுமி அப்படித் திருத்திய படத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

நல்ல படத்தை உயர்த்திப் பிடித்துக் காட்டலாமா என்று கேட்பீர்கள். அதையும் நான் நிறுத்திவிட்டேன். ஒன்றை உயர்த்தினால் மற்ற 39 பேரும் தங்கள் தாளைக் கையால் மூடிக்கொள்வதை முன்னால் நிற்கும் நமக்கு நன்றாகவே தெரியும். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுவேன். ஒட்ட வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையின் தாளைக் கேள்வி கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் ஒருவர் படத்தைப் பார்த்து ஒருவர் சிரிக்கும்போது மட்டும் உடனே குறுக்கிட வேண்டும். திட்டி அல்ல, "சிரித்தாயே, அந்த இடத்தை எப்படி மாற்றலாம் என்று சொல்" என்று சிரித்த பிள்ளையிடமே கேட்டால், அது படத்தை முதல் முறையாக உற்றுப் பார்க்கும்.

நீங்கள் பர்கூர்க்காரர்; மல்லபாடி உங்களுக்கு அருகில்தான். தமிழ்நாட்டில் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்த பாறை ஓவியங்களுள் அங்குள்ளவையும் சேரும். வெள்ளை வண்ணத்தில், குதிரை மேல் அமர்ந்து சண்டையிடும் மனிதர்கள். அங்கே உடம்பு ஒரு கோடு, கை ஒரு கோடு. முதல் முறை அவற்றைப் பார்த்தபோது என் ஏழாம் வகுப்புக் குதிரை நினைவுக்கு வந்து, வெகுநேரம் அந்தப் பாறையை விட்டு நகர மனம் வரவில்லை. முடிந்தால் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. கேலி மனத்தைக் கெடுக்கும் என்று பயந்து, எது வரைந்தாலும் "நீ பெரிய ஆர்ட்டிஸ்ட்" என்று பாராட்டி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சாக்லேட்டும் கொடுக்கிறோம். இது சரிதானா? – ஒரு தந்தை, ஓசூர்.

பதில்: அன்பினால் செய்கிறீர்கள்; இருந்தாலும் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் முதலிய மூவர் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிச் செய்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்த பிறகு அந்தப் பரிசையும் கொடுத்தார்கள். ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. தனக்காக விளையாடியது கூலிக்குச் செய்யும் வேலையாக மாறிவிட்டது போலும்.

"பெரிய ஆர்ட்டிஸ்ட்" என்ற பட்டத்துக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2007இல் ஆண்ட்ரெய் சிம்பியனும் அவருடைய குழுவினரும் நான்கு வயதுப் பிள்ளைகளைப் பொம்மை விளையாட்டில் ஈடுபடுத்தி, வரைவதாகப் பாவனை செய்யச் சொன்னார்கள். சிலரிடம் "நீ நன்றாக வரைகிறவன்" என்றும், வேறு சிலரிடம் "நீ இதை நன்றாக வரைந்தாய்" என்றும் பாராட்டினார்கள். பாராட்டு கிடைத்தவரை இரு சாராரிடமும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு படத்தில் ஒரு குறை இருப்பதாகச் சொல்லப்பட்டபோது, முதல் வகையினர்தான் அதிகம் தளர்ந்து, மறுபடியும் வரையத் தயங்கினார்கள். காரணத்தை எண்ணிப் பாருங்கள்: பட்டம் பெற்ற பிள்ளைக்கு ஒவ்வொரு குறையும் பட்டத்தைப் பறிப்பதாகிறது. நீங்கள் கேலிக்கு எதிராகக் கட்டும் சுவர், கேலி வரும் நாளில் அவள் மேலேயே சரிந்துவிடும். படத்தைப் பற்றியே பேசுங்கள். "இந்த மாட்டுக்கு ஏன் ஊதா நிறம்?" என்று கேட்டுவிட்டு அவள் சொல்லும் கதையை முழுவதுமாகக் கேட்பதற்கு ஈடான பாராட்டு 5 வயதில் இல்லை.

கேள்வி: எனக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறேன். பென்சிலில் முகங்கள் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். "போட்டோவை டிரேஸ் எடுத்தது", "ஏஐ இதைவிட நன்றாகப் போடும்", "மூக்கு எங்கே போகிறது" என்றெல்லாம் எழுதுகிறார்கள். நுண்கலைக் கல்லூரியில் சேர ஆசை. வீட்டில் எல்லோரும், ஃப்ளெக்ஸ் வந்து போர்டு எழுதுகிறவர்களுக்கே வேலை இல்லை என்கிறார்கள். இரவு முழுவதும் அந்தக் கருத்துகளையே படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் திறமை இல்லையா? – பென்னாகரத்திலிருந்து ஒரு மாணவி.

பதில்: அன்பு மகளே, உன் படத்தைப் பார்க்காமல் திறமையைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், பார்த்தாலும் 17 வயதில் அதைத் தீர்ப்பாகச் சொல்லும் துணிவு எனக்குக் கிடையாது.

வின்சென்ட் வான் கோ 1885இல், தன் 32ஆவது வயதில், உருளைக்கிழங்கு உண்ணும் ஓர் உழவர் குடும்பத்தை வரைந்தார். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் உழவர்களின் முகங்களை மட்டும் ஏறக்குறைய 40 தடவை வரைந்து பழகியிருந்தார். அந்தப் படத்தின் கல்லச்சுப் பிரதியைத் தன் நண்பரும் ஓவியருமான அந்தோன் வான் ரப்பார்டுக்கு அனுப்பினார். ரப்பார்டோ கைகளையும் மூக்கையும் குறை சொல்லி, இதை மனப்பூர்வமாகத்தான் செய்தாயா என்று கேட்கும் தொனியில் பதில் எழுதினார். வான் கோ அந்தக் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். பல ஆண்டு நட்பு அதிலிருந்து மீளவே இல்லை. 32 வயது மனிதருக்கு, கலை தெரிந்த நண்பரின் சொல்லே அவ்வளவு வலித்தது என்றால், முகம் தெரியாதவர்களின் சொல் உன் தூக்கத்தைக் கெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவருடைய கதையை ஆறுதலுக்காக மட்டும் நான் சொல்லவில்லை. கேலிக்கு ஆளானவர்கள் எல்லோரும் மேதைகள் ஆவார்கள் என்பது உண்மையல்ல. அந்த எண்ணம் நல்ல திருத்தத்தையும் கேட்கவிடாமல் செய்துவிடும். அந்தக் கைகளை அப்படி வரைந்ததற்கு வான் கோவிடம் காரணம் இருந்தது என்பதைக் கவனி. தட்டிலிருந்து கிழங்கை எடுக்கும் இதே கைகளால்தான் இவர்கள் மண்ணைக் கொத்தினார்கள் என்பது தெரிய வேண்டும் என்று தம்பி தியோவுக்கு எழுதியிருந்தார். பாலக்கோட்டுச் சிறுவனின் பாட்டியின் கைகளை எண்ணிப் பார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தங்கைக்கு எழுதிய கடிதத்திலும், தான் வரைந்தவற்றுள் அந்தப் படத்தையே சிறந்ததாகக் குறிப்பிட்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் உன்னிடம் காரணம் இருக்கிறதா என்று உன்னையே கேட்டுப் பார். இருந்தால் பிறர் சொல் உன்னை அசைக்காது. இல்லையென்றால் அங்கேதான் உனக்கு வேலை இருக்கிறது.

உனக்கு வந்த மூன்று கருத்துகளில், மூக்கைப் பற்றியது ஒன்றுதான் படத்தைப் பார்த்துவிட்டு எழுதியது. எழுதிய விதம் நாகரிகமற்றது. என்றாலும் கண்ணாடியில் படத்தைக் காட்டிப் பார், மூக்கு சாய்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். மற்ற இரண்டும் படத்தைப் பற்றியவையே அல்ல. அவற்றை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. இன்றைக்கே கருத்துப் பகுதியை மூடிவிடு. உன் படத்தை யார் பார்க்கலாம் என்பதை நீயே முடிவு செய்வது கோழைத்தனம் ஆகாது. வரையத் தெரிந்த ஒருவர், தெரியாத ஆனால் பொறுமையாகப் பார்க்கும் ஒருவர், இந்த இருவரிடம் மட்டும் ஆறு மாதம் காட்டு.

டிரேஸ் என்ற பழிக்கு விடையும் கல்லூரிக்கான தயாரிப்பும் ஒன்றுதான்: போட்டோவை விட்டுவிட்டு நேரில் பார்த்து வரை. பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள், ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுகிறவர்கள், வாரச் சந்தையில் அடித்துப் பிடித்துப் பேரம் பேசுகிறவர்கள் என்று உன் ஊரைச் சுற்றி அசைந்துகொண்டே இருக்கும் மனிதர்கள் நிறைய. அசைகிறவர்களை வரைந்தால் கோடு முதலில் பிசகும், பிறகு உயிர்பெறும். 1850இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு நுண்கலைக் கல்லூரியிலும் கும்பகோணத்திலும் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே உன் கையையும் கண்ணையும் சோதிப்பார்கள், இன்ஸ்டாகிராம் எண்ணிக்கையை அல்ல. ஃப்ளெக்ஸ் வந்து போர்டு வேலை போனது உண்மை. எனக்குக் குதிரைக்கால் சொல்லிக்கொடுத்த மனிதரின் தொழிலும் அப்படித்தான் போயிற்று. வீட்டாரின் அச்சத்தை அற்பமாக எண்ணாதே. கற்பித்தல், அனிமேஷன், துணி வடிவமைப்பு, புத்தக வடிவமைப்பு என்று படித்தவர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்பதைக் கல்லூரியிலேயே விசாரித்து, ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடு. அவர்கள் கேட்பது உன் எதிர்காலத்துக்கு ஒரு கணக்கு. அதைக் கேலியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் என் தங்கை எங்கள் மாந்தோப்பை வரைந்தாள். மரத்தைவிடக் காக்கை பெரிதாக இருந்தது. நண்பர்கள் முன்னிலையில் அதைக் காட்டிச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் வரைந்து நான் பார்க்கவில்லை. சென்ற மாதம் அவள் வீட்டுச் சுவரில் குழந்தை கிறுக்கியிருந்ததைப் பார்த்து, "நீயும் வரைவாயே" என்றேன். "எனக்கு எங்கே வரும், நீங்கள்தான் அன்றைக்கே சொன்னீர்களே, அண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்போது அதைப் பேசுவதில் பயன் உண்டா? – ஓர் அண்ணன், காவேரிப்பட்டினம்.

பதில்: உண்டு. அவள் சிரித்துக்கொண்டே சொன்னதற்கு என்ன பொருள் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். மன்னிப்பை நீளமாகக் கேட்க வேண்டாம்; கேட்டால் உங்களைத் தேற்றும் வேலை அவளுக்கு வந்து சேரும். அந்தப் படத்தில் காக்கை எந்தக் கிளையில் இருந்தது, மாங்காய்களுக்கு என்ன நிறம் கொடுத்திருந்தாள் என்று உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள். இருபது ஆண்டுகளாக நீங்களும் அதை மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியட்டும். காக்கை ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று, அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இப்போது கேளுங்கள்.

அவளை வரையச் சொல்லாதீர்கள். அடுத்த முறை போகும்போது ஒரு கட்டு வெள்ளைத் தாளும் கிரேயான் பெட்டியும் வாங்கிச் சென்று, குழந்தையோடு தரையில் உட்காருங்கள். எதை வரைய வேண்டும் என்று குழந்தையே உங்களுக்குச் சொல்லட்டும். தங்கையின் கண்ணெதிரிலேயே அதை வரையுங்கள். எப்படி வந்தாலும் கசக்காமல், கையால் மறைக்காமல், தரையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மீதித் தாள்களும் கிரேயான்களும் அங்கேயே இருக்கட்டும்.